போட்மர் ஓக், ஃபோன்டென்புளோ காடு

பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே (1840–1926) 1865இல் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம். ஏறத்தாழ 96 செ.மீ. உயரமும் 129 செ.மீ. அகலமும் கொண்டது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

பாரிசுக்குத் தென்கிழக்கே உள்ள ஃபோன்டென்புளோ காட்டில் நின்ற பெரிய ஓக் மரம் ஒன்றை இது காட்டுகிறது. சுவிஸ் ஓவியர் கார்ல் போட்மர் அம்மரத்தை வரைந்து 1850ஆம் ஆண்டு சலோன் கண்காட்சியில் வைத்தார். அவர் பெயரே மரத்துக்கு நிலைத்தது. ‘புல்வெளியில் பகலுணவு’ என்னும் பேரோவியத்துக்கு ஆயத்தம் செய்ய மோனே அப்பகுதியில் தங்கியிருந்த காலத்துப் படைப்பு இது.

மரத்தைவிட அதன் ஊடே இறங்கும் வெயிலே பார்ப்பவரை முதலில் ஈர்க்கிறது. வெயில் ஊடுருவும் இலைகள் பளிச்சிடும் மஞ்சளும் பச்சையுமாக ஒளிர்கின்றன. அருகில் சென்று பார்த்தால் தனித்தனி இலை எதுவும் இல்லை. குட்டையான தூரிகைத் தீற்றல்கள் மட்டுமே. சற்று விலகி நின்றால் அவையே தழையாகத் திரள்கின்றன. தரையெங்கும் செம்பழுப்புச் சருகுகள் பரவியிருப்பதால், மோனே அங்கிருந்து கிளம்பும் முன், அக்டோபர் வாக்கில் இதைத் தீட்டியிருக்க வேண்டும் எனக் கருதப்படுகிறது. சருகின் செம்மை மேலுள்ள பச்சையை இன்னும் தூக்கிக் காட்டுகிறது. எதிர்நிறங்கள் அடுத்தடுத்து வரும்போது ஒன்றையொன்று கூர்மையாக்கும் என்பதை வேதியியலாளர் செவ்ரோல் 1839இலேயே விளக்கியிருந்தார்.

உணர்வுப்பதிவு ஓவியர்களின் முதல் கண்காட்சி 1874இல்தான் நடந்தது. அதற்கு 9 ஆண்டுகளுக்கு முன்பே, 25 வயதுகூட நிறையாத மோனே ஒளியையே ஓவியத்தின் பொருளாக்கிக் கொண்டது வியப்புக்குரியது.