ஃபோர்ட் கேனிங் குன்று: தடைமலை முதல் நகரப் பூங்கா வரை – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

சிங்கப்பூர் நகரின் நடுவே ஏறத்தாழ 48 மீட்டர் உயரமுள்ள ஃபோர்ட் கேனிங் குன்று, இன்று அருங்காட்சியகங்கள் சூழ்ந்த பூங்காவாக விளங்குகிறது. அதன் வரலாற்று அடுக்குகளை எழுத்துச் சான்றுகள், அகழாய்வுச் சான்றுகள் ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது. மலாய் நூலில் இடம்பெறும் ‘ராஜா சூலான்’ கதையைச் சோழர் வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்வதில் உள்ள வரம்பையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சிங்கப்பூர், தெமாசிக், ஃபோர்ட் கேனிங், செஜாரா மெலாயு, சோழர், தொல்லியல்

முன்னுரை

ஒரு பூங்காவைக் காணச் செல்வோர் நிழலையும் காற்றையும் நாடிச் செல்வர். ஆனால், ஃபோர்ட் கேனிங் குன்றில் ஏறுவோர் ஒவ்வொரு படியிலும் ஒரு காலத்தைக் கடக்கின்றனர். அரசிருக்கை, ஆளுநர் இல்லம், கல்லறைத் தோட்டம், கோட்டை, போர்த் தலைமையகம் எனப் பல நிலைகளை இக்குன்று கண்டுள்ளது. புதிதாக வந்த ஒவ்வொன்றும் முந்தையதை ஓரளவு அழித்தே எழுந்தது. எனவே, இங்குக் காணப்படுவனவற்றைப் போலவே காணாமற்போனவையும் ஆய்வுக்குரியன ஆகின்றன.

தடைமலை

மலாய் மக்கள் இக்குன்றை ‘புக்கிட் லாராங்கான்’, அதாவது தடைசெய்யப்பட்ட மலை, என்றழைத்தனர். பண்டைய அரசர்கள் இங்கு வாழ்ந்து அடக்கமானதால் பொதுமக்கள் ஏறுதல் ஆகாது என்பது மரபு. சீனப் பயணி வாங் தாயுவான் 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பகுதிக் குடியிருப்புகளைப் பற்றி எழுதியுள்ளார். 1365இல் இயற்றப்பெற்ற சாவகக் காப்பியமான நாகரகிருதாகமமும் துமாசிக் என்னும் பெயரைக் குறிப்பிடுகிறது.

1822இல் இக்குன்றில் ஏறிய ஜான் கிராஃபர்ட், செங்கல் அடித்தளங்களையும், மேடைகளையும், பழைய பழமரங்களையும், மட்கலச் சில்லுகளையும், சீன நாணயங்களையும் கண்டு எழுதிவைத்தார். பின்னர் எழுந்த கட்டுமானங்களால் அவ்விடிபாடுகள் மறைந்தன. ஆதலின், அவருடைய குறிப்பே இன்று முதன்மைச் சான்றாக நிற்கிறது.

குடியேற்றக் காலம்

1819இல் வந்த ராஃபிள்ஸ், 1822ஆம் ஆண்டு இறுதியில் குன்றின்மேல் தம் இல்லத்தை அமைக்கத் தொடங்கினார். இங்கு இறக்க நேர்ந்தால் மலாய் அரசர்களின் அடக்கத்தலங்களுக்கு அருகிலேயே தாமும் இடம்பெற விரும்புவதாக 1823இல் வில்லியம் மார்ஸ்டனுக்கு அவர் எழுதினார். பழைய அரசின் மாண்பைப் புதிய ஆட்சி தனதாக்கிக்கொள்ள முயன்றதை இவ்விருப்பம் உணர்த்துகிறது.

1859இல் குன்றின் உச்சியைச் சமன்படுத்திக் கோட்டைப் பணி தொடங்கியது. அப்போது சிங்கப்பூர் கல்கத்தாவின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தமையால், இந்தியாவின் முதல் வைசிராயான கேனிங் பிரபுவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1907இல் கோட்டை இடிக்கப்பட்டது. வாயில் உள்ளிட்ட சில பகுதிகளே எஞ்சின. 1920களில் அங்கு நீர்த்தேக்கம் அமைத்தபோது சாவகப் பாணியிலான பொன்னணிகள் கிடைத்தன. குன்றை அழித்த கட்டுமானமே அதன் தொன்மைக்குச் சான்றையும் வெளிக்கொணர்ந்தது முரண்.

1942 பிப்ரவரி 15 அன்று குன்றினுள் அமைந்த நிலவறைத் தலைமையகத்தில்தான் தளபதி பெர்சிவல் சரணடையும் முடிவை மேற்கொண்டார். அந்நிலவறை பின்னாளில் அருங்காட்சியகமாக்கப்பட்டது.

அகழாய்வும் ராஜா சூலானும்

1984இல் ஜான் மிக்சிக் நடத்திய அகழாய்வில் 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான்களும் கண்ணாடிப் பொருள்களும் கிடைத்தன. இலக்கியம் கூறிய தெமாசிக்குக்கு மண்ணிலிருந்தே சான்று கிடைத்ததால் இது பெருந்திருப்பமாயிற்று.

இவ்விடத்தில் தமிழாய்வாளர் கருத வேண்டிய சிக்கல் ஒன்றுண்டு. சீனத்தின்மேல் படையெடுத்துப் புறப்பட்ட கலிங்க நாட்டு மன்னன் ராஜா சூலான் தெமாசிக் வரை வந்தான் என்றும், அவன் வழியினரே பலெம்பாங் அரசமரபினர் என்றும் செஜாரா மெலாயு கூறுகிறது. சில படிகளில் இப்பெயர் சூரான் எனவும் வரும். சோழன் என்னும் சொல்லின் எதிரொலியை இப்பெயரில் காண்பதும், முதலாம் இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பு நினைவாக அதைக் கொள்வதும் ஏற்புடையனவே. ஆனால், நினைவு வேறு, சான்று வேறு. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி ஸ்ரீவிசயம், மலையூர், இலங்காசோகம், கடாரம் முதலிய இடங்களை வரிசைப்படுத்துகிறது. தெமாசிக் என்னும் பெயர் அதில் இல்லை. குன்றின் அகழாய்வுப் பொருள்களும் பெரும்பாலும் அப்படையெடுப்புக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் பிற்பட்டவை. ஆகவே, இக்கதை சோழர் தெமாசிக்கை வென்றதற்குச் சான்றாகாது. சோழர் பெயருக்கு மலாய் அரசவை அளித்த மதிப்புக்கே அது சான்று. தம் குலத்தின் வேரைக் கடல் கடந்த பேரரசனிடம் தேடிய ஒரு மரபின் தன்விளக்கம் அது. இவ்வாறு கொள்வதால் தமிழர் தொடர்பு சிறுமையுறாது. மாறாக, உறுதியான நிலத்தில் நிற்கும்.

இதே எச்சரிக்கை குன்றிலுள்ள இஸ்கந்தர் ஷா அடக்கத்தலத்துக்கும் பொருந்தும். அம்மன்னர் மலாக்காவை நிறுவி ஆண்டு அங்கேயே மறைந்தார் என்பதே செஜாரா மெலாயு தரும் செய்தி. எனினும், மக்களின் வழிபாட்டு நினைவு அத்தலத்தைக் காத்துவருகிறது.

முடிவுரை

1981இல் இக்குன்று ஃபோர்ட் கேனிங் பூங்கா என்னும் பெயர் பெற்றது. அடிவாரத்தில் 1887இல் திறக்கப்பெற்ற கட்டடத்தில் இயங்கும் தேசிய அருங்காட்சியகம், குன்றில் கிடைத்த பொன்னணிகளையும், 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட சிங்கப்பூர்க் கல்லின் எஞ்சிய துண்டையும் பேணிவருகிறது. அக்கல்லின் எழுத்து இன்றும் முழுமையாகப் படிக்கப்படவில்லை. குன்றில் இடத்தையும் அருங்காட்சியகத்தில் பொருளையும் இணைத்துக் காண்போர்க்கே வரலாறு முழுமை பெறும். மரபுக்கதை, பயணக்குறிப்பு, அகழாய்வு ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பாமல், ஒன்றால் மற்றொன்றைச் சோதித்தறிவதே இக்குன்று ஆய்வாளர்க்குக் கற்பிக்கும் நெறியாகும்.