வீட்டுக்கு வந்து விழுந்த 650 பந்துகள்... கோல்ஃப் மைதானத்தை எப்படித் திருத்துவாங்க?

தெருவில் கிரிக்கெட் ஆடும் பசங்க அடிச்ச பந்து ஒருமுறை ஜன்னலை உடைத்தாலே பஞ்சாயத்து ஆரம்பிச்சிடும். அதுவே 4 வருஷத்தில் சுமார் 650 பந்துகள் வீட்டின் மேல் விழுந்தால்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிங்ஸ்டன் என்ற ஊர். அங்குள்ள 'இந்தியன் பாண்ட் கன்ட்ரி கிளப்' கோல்ஃப் மைதானத்தின் 15-வது ஹோலை ஒட்டி, 2017-ல் ஒரு குடும்பம் வீடு வாங்கியது. ஆசையாகக் குடியேறியவர்களுக்குத் தினமும் பந்து மழைதான். ஜன்னல்கள் உடைய, விஷயம் கோர்ட்டுக்குப் போனது.

2021-ல் ஜூரி கொடுத்த தீர்ப்பில், வட்டியோடு சேர்த்து இழப்பீடு 49 லட்சம் டாலர்! ஆனால், 2022 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. காரணம், வீட்டுப் பத்திரம். கோல்ஃப் நியாயமான முறையில் ஆடப்படும்போது பந்து வரலாம் என்ற உரிமை அந்த ஆவணங்களில் இருந்ததை, ஜூரிக்குச் சரியாக விளக்கவில்லையாம்.

சின்னப் பந்துதானே?

எடை அதிகபட்சம் 45.93 கிராம்தான். கிரிக்கெட் பந்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால், டிரைவர் மட்டையில் நன்றாகப் பட்டால் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும். 1919-ல் இங்கிலாந்தின் சாண்ட்விச் அருகே சாலையில் போன டாக்ஸியின் கண்ணாடியை ஒரு கோல்ஃப் பந்து உடைத்ததில், டிரைவருக்கு ஒரு கண்ணே போனது. ஹோலை அந்த இடத்தில் வைத்ததே தவறு என்று 1922-ல் தீர்ப்பு வந்தது. ஆக, அடித்தவரை மட்டும் திட்டிப் பயனில்லை, டிசைனையும் பார்க்கணும்.

என்னவெல்லாம் மாற்றலாம்?

* டீயைத் திருப்புவது: முதல் ஷாட் அடிக்கும் மேடைதான் டீ. அடிக்கும் திசையை 5 டிகிரி திருப்பினாலே, 200 மீட்டர் தள்ளி பந்து விழும் இடம் சுமார் 17 மீட்டர் விலகிவிடும்.

* நீளத்தைக் குறைப்பது: டீயை முன்னால் கொண்டுபோனால், டிரைவருக்குப் பதில் சின்ன மட்டையே போதும். பந்து தாறுமாறாகப் போனாலும் தூரம் போகாது.

* குறுக்கு வழியை அடைப்பது: வளைந்து போகும் 'டாக்லெக்' ஹோல்களில், மூலையைத் தாண்டி அடித்து மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். அந்த மூலையை எல்லைக்கு வெளியே என்று அறிவித்தால், பெனால்ட்டிக்கு பயந்து அடங்கிடுவாங்க.

* மணல் குழியை இடம் மாற்றுவது: இதில் கவனம் தேவை. வீட்டுக்கு எதிர்ப்பக்கம் குழி இருந்தால், அதற்கு பயந்து எல்லோரும் வீட்டுப் பக்கமே அடிப்பார்கள்!

மரம் நட்டால் வளர வருஷக்கணக்காகும். இலை உதிர்ந்தால் இடைவெளியில் பந்து புகுந்துவிடும். வலை கட்டினால் உடனே பலன் தெரியும். ஆனால், மிக உயரமாக வேண்டும், காற்றையும் தாங்கணும், ஜன்னலைத் திறந்தால் பசுமைக்குப் பதில் வலைதான் தெரியும். அதனால், முதலில் டீயைத் திருப்பிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

கோல்ஃப் வியூ வீடு வாங்கப் போறீங்களா?

டீயில் நின்று பாருங்கள். வலது கைக்காரர்களின் தப்பான ஷாட் பெரும்பாலும் வலப்பக்கம்தான் வளையும். உங்கள் வீடு அந்தப் பக்கமா? சாயங்காலம் ஒரு மணி நேரம் வீட்டு வாசலில் நின்று, எத்தனை பந்து வருது என்று எண்ணுங்கள். தோட்டத்தில் பழைய பந்துகள் கிடக்கிறதா என்றும் தேடுங்கள். இன்ஷூரன்ஸ் இதற்குப் பொருந்துமா என்று கேளுங்கள். முக்கியமாக, பத்திரத்தை வரி விடாமல் படியுங்கள். 49 லட்சம் டாலர் தீர்ப்பையே கவிழ்த்தது அதுதான்!