நாய் காட்டிய குகை, சிறுமி கண்ட ஓவியம்

புதையல் வேட்டை என்றதும் நமக்குத் தங்கக்காசுதான் நினைவுக்கு வரும். ஆனால் வரலாற்றின் பெரிய புதையல் ஒன்று, ஒரு நாயாலும் எட்டு வயதுச் சிறுமியாலும் கிடைத்தது தெரியுமா?

1868. வட ஸ்பெயினில், சான்டில்லானா டெல் மார் ஊருக்கு அருகே மொடெஸ்டோ குபிலாஸ் என்பவரின் வேட்டை நாய் பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டது. அதை மீட்கப் போனபோது தெரிந்ததுதான் அல்டமிரா குகையின் வாசல்.

சில ஆண்டுகள் கழித்து, அந்தப் பகுதி நிலக்கிழார் மார்செலினோ சான்ஸ் டி சவுத்துவோலா அங்கே பழங்கால எலும்புகளையும் கல் கருவிகளையும் தேட ஆரம்பித்தார். 1879-இல் மகள் மரியாவையும் கூட்டிப் போனார். அப்பா தரையைத் தோண்டிக்கொண்டிருக்க, மகள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். மாடுகள் தெரிவதாக அப்பாவைக் கூப்பிட்டாளாம். சிவப்பிலும் கறுப்பிலும் தீட்டிய காட்டெருமைகள் அவை!

ஆதிமனிதர்கள் வரைந்தவை என்று 1880-இல் சவுத்துவோலா எழுதினார். அறிஞர்கள் ஏற்கவில்லை. கல்லைத் தட்டிக் கருவி செய்தவனுக்கு இவ்வளவு அழகாக வரைய வருமா என்பதே அவர்கள் வாதம். போலி ஓவியம் என்ற பழியும் விழுந்தது. அந்தப் பழி நீங்காமலே 1888-இல் அவர் இறந்தார்.

பிறகு பிரான்சிலும் இதுபோன்ற குகை ஓவியங்கள் அடுத்தடுத்துக் கிடைத்தன. முன்பு கடுமையாக மறுத்த எமில் கார்த்தய்யாக், 1902-இல் தன் தவறை ஒப்புக்கொண்டு கட்டுரை எழுதினார். அதைப் படிக்க மரியா இருந்தார், அவருடைய அப்பா இல்லை.

ஆதிமனிதனைக் குறைவாக எடைபோட்டதற்கு ஒரு நேர்மையான மனிதர் கொடுத்த விலை இது, நண்பர்களே.