டிரில் வாத்தியாரும் சிறு வகுப்புக் குழந்தையும்: தொடக்கப் பள்ளி உடற்கல்வியின் வரலாறு, வெள்ளிமலையை முன்வைத்து

ஓடுதல், தாவுதல், எறிதல், பிடித்தல் ஆகியவற்றையும் பள்ளியில் முறையாகக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம், எண்ணும் எழுத்தும் பள்ளிக்கு வந்து நெடுங்காலம் கழிந்த பின்னரே தமிழ்நாட்டில் தோன்றியது. தோன்றிய பிறகும் அது உயர்நிலைப் பள்ளி மைதானத்தோடு நின்றுவிட்டதேயன்றி, ஒன்றாம் வகுப்புக் குழந்தையை முழுமையாக எட்டவில்லை. உடற்கல்வி அறிஞர்கள் அடிப்படை உடலசைவுகளை மூன்றாகப் பிரிப்பர். நடத்தல், ஓடுதல், நொண்டுதல் போன்று உடல் ஓரிடம் விட்டு மற்றோரிடம் செல்பவை இடம்பெயர் அசைவுகள். குனிதல், திரும்புதல், ஒற்றைக்காலில் நிற்றல் போன்று நின்ற இடத்திலேயே நிகழ்பவை இடம்பெயரா அசைவுகள். பந்தையோ கோலையோ கல்லையோ கையாலும் காலாலும் ஆளுபவை கையாளும் அசைவுகள். இவற்றைக் கண்ணோடும் காதோடும் காலத்தோடும் பொருத்தி இயக்கும் திறன் ஒருங்கிணைவு எனப்படுகிறது. ஏறத்தாழ இரண்டு வயது முதல் ஏழு வயது வரையிலான காலமே இவற்றிற்கு அடித்தளம் இடும் காலம் என்று டேவிட் கல்லஹ்யூ போன்ற அமெரிக்க ஆய்வாளர்கள் வகுத்துள்ளனர்.

இந்த அசைவுகள் வயதோடு தாமே முதிர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 1938-இல் மோனிக்கா வைல்ட் என்ற ஆய்வாளர், குழந்தைகள் பந்து எறிவதைப் படம்பிடித்து ஆராய்ந்து, எறிதல் படிப்படியாக வளரும் ஒரு செயல் என்று காட்டினார். முதற்படியில் குழந்தையின் இரு பாதங்களும் தரையில் பதிந்தபடியே இருக்க, முழங்கை மட்டும் மடங்கி நீள்கிறது. அடுத்து உடல் சற்றுத் திரும்பத் தொடங்குகிறது. பின்னர் எறியும் கை எதுவோ அதே பக்கத்துக் கால் முன்னே வைக்கப்படுகிறது. இறுதிப் படியில்தான் வலக்கையால் எறிபவரின் இடக்கால் முன்னே செல்ல, இடுப்பும் தோளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று, அந்தச் சுழற்சியின் விசை முழுவதும் விரல் நுனிக்கு வந்து சேர்கிறது. பழகவும் திருத்தவும் வாய்ப்பில்லாதவர்கள் மூன்றாம் படியிலேயே நின்றுவிடுவதுண்டு. வளர்ந்த பின்னும் ஒரே பக்கத்துக் கையையும் காலையும் நீட்டிப் பந்தெறிபவர்களை எந்த ஊரிலும் காணலாம்.

பள்ளிகள் பெருகுவதற்கு முன் இந்தக் கல்வியைத் தமிழ்க் குழந்தைகளுக்குத் தெருவும் களமும் தந்தன. கழங்காடலும் ஓரையாடலும் சங்க இலக்கியங்களில் இடம்பெறுகின்றன. ஞா. தேவநேயப் பாவாணர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்ற நூலில், ஊர்ப்புறப் பிள்ளைகளின் ஆட்டங்களை ஆடும் முறையோடு தொகுத்து வைத்தார். உடற்கல்விக் கண்ணோடு பார்த்தால் அவை ஒரு பாடத்திட்டத்துக்கு நிகரானவை. பாண்டியில் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டே சில்லைக் கோட்டில் படாமல் தள்ளுவது இடம்பெயர் அசைவையும் சமநிலையையும் ஒருங்கே பழக்குகிறது; கல்லாங்காயில் ஒரு கல்லை மேலே வீசி, அது கீழே வருவதற்குள் தரையிலுள்ள கற்களை அள்ளி, வீசிய கல்லையும் பிடிப்பது கண்ணையும் கையையும் இணைக்கிறது; கிட்டிப்புள்ளில் எழும்பிய புள்ளை அந்தரத்திலேயே அடிப்பதற்குக் கணிப்பும் வேகமும் வேண்டும்; பச்சைக்குதிரையில் தாண்டுபவரும் குனிந்து நிற்பவரும் உடலைக் கட்டுப்படுத்தக் கற்கின்றனர். ஆனால் இந்தத் தெருப் பாடத்திட்டத்தில் ஒரு பெருங்குறையும் இருந்தது. பாண்டியும் கல்லாங்காயும் பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்கு, கிட்டிப்புள்ளும் பம்பரமும் சடுகுடுவும் ஆண்பிள்ளைகளுக்கு என்று வழக்கம் பிரித்துவைத்ததால், ஓங்கி எறியும் பழக்கம் பெண்களுக்கும், நுண்ணிய கைத்திறன் ஆண்களுக்கும் போதிய அளவு வாய்க்கவில்லை. பழைய விளையாட்டுகளைப் போற்றி எழுதுவோர் இதைப் பெரும்பாலும் கருதுவதில்லை.

பள்ளி வந்தபோது அதனுள் நுழைந்தது விளையாட்டன்று, டிரில். படைவீரர்களை வரிசைப்படுத்தும் கட்டளைப் பயிற்சியும், ஸ்வீடன் நாட்டின் பெர் ஹென்றிக் லிங் 1813-இல் ஸ்டாக்ஹோமில் நிறுவிய பயிற்சி நிலையத்திலிருந்து பரவிய உறுப்புப் பயிற்சிகளும் கலந்த ஒரு முறை அது. தென்னாப்பிரிக்கப் போருக்கு ஆளெடுத்தபோது பல இளைஞர்களின் உடல்நிலை தேறாததைக் கண்டு கலங்கிய பிரிட்டிஷ் அரசு, 1902-இல் போர்த்துறையின் கைநூலை ஒட்டியே தொடக்கப் பள்ளிகளுக்கும் ஒரு பயிற்சித் திட்டம் வகுத்தது. குழந்தை சிறிய போர்வீரனல்லன் என்ற கண்டனம் எழுந்ததால் அத்திட்டம் விரைவிலேயே கைவிடப்பட்டு, 1904, 1909, 1919, 1933 ஆகிய ஆண்டுகளில் புதிய பாடத்திட்டங்கள் வெளிவந்தன. 1919-ஆம் ஆண்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு விளையாட்டுத்தன்மை கொண்ட பயிற்சிகள் மிகுந்தன. சென்னை மாகாணப் பள்ளிகளில் பயிற்சி பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வுபெற்று வந்த டிரில் மாஸ்டரின் கையில் இருந்தது. வரிசையில் நிற்பதும், ‘அட்டென்ஷன்’ என்றதும் விறைப்பதும், எண்ணிக்கைக்கு ஏற்பக் கைகளைத் தூக்கி இறக்குவதுமே அவர் அறிந்த கல்வி. எல்லாரும் ஒரே அசைவை ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய அந்த முறையில், ஒரு குழந்தை தவறாக எறிகிறதா என்று பார்ப்பதற்கு இடமே இல்லை. காரணம், அங்கே எறிவதற்கு எதுவும் தரப்படவில்லை.

இந்த நிலையை மாற்ற முனைந்தவர் ஹாரி குரோ பக். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1884-இல் பிறந்த இவர், கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் பயின்று, 1919-இல் சென்னைக்கு வந்து, அடுத்த ஆண்டே உடற்கல்வி ஆசிரியர்களுக்கான ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இயங்கும் அக்கல்லூரி ஆசியாவிலேயே இவ்வகையில் முதலாவது எனக் கருதப்படுகிறது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியை வழிநடத்தியவரும் பக்தான் என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. எனினும் அவருடைய பெரும்பணி ஆசிரியர் பயிற்சியே ஆகும். உடற்பயிற்சி தசையை மட்டும் வளர்ப்பதாகாது, விளையாட்டின் வழியே முழு மனிதரையும் வளர்ப்பதாகும் என்ற கொள்கையை அவர் வகுப்பில் நிலைநிறுத்தினார். கட்டளையிடும் டிரில் மாஸ்டரின் இடத்தில், உடற்கூறும் உளவியலும் படித்த ஓர் ஆசிரியரை நிறுத்த முயன்றார். நம் நாட்டு ஆட்டங்களையும் மேலைநாட்டு ஆட்டங்களோடு பாடத்தில் சேர்த்தார். ‘வியாயாம்’ என்ற இதழையும் நடத்தினார். 1943-இல் சென்னையிலேயே அவர் காலமானார். அக்கல்லூரியின் முதல் தலைமுறை மாணவர்களில் ஒருவரான பி.எம். ஜோசப், 1957-இல் குவாலியரில் தொடங்கப்பட்ட லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரியின் முதல் முதல்வரானார். சென்னையில் தோன்றிய சிந்தனை இவ்வாறு நாடெங்கும் பரவியது.

ஆயினும் பக் உருவாக்கிய ஆசிரியர்கள் போய்ச் சேர்ந்த இடம் உயர்நிலைப் பள்ளிகளே. போட்டிகளும் கோப்பைகளும் அணிகளும் அங்கேதான் இருந்தன. சம்பளமும் பணியிடமும் அங்கேதான் இருந்தன. ஐந்து முதல் பத்து வயது வரையிலான குழந்தைக்கு, அதாவது அசைவுகளைக் கற்கும் காலத்தில் இருக்கும் குழந்தைக்கு, பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைக்கவில்லை. அசைவுகள் நல்லவையோ அல்லவையோ இறுகிப்போன பிறகு, பன்னிரண்டு வயதில் அக்குழந்தை அவரிடம் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டு உடற்கல்வி வரலாற்றின் அடிப்படைப் பிழை இதுவே.

சென்னையில் இவை நடந்துகொண்டிருந்த காலத்தில் கல்வராயன் மலை வேறொரு உலகமாக இருந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து, கரியாலூர் வழியே ஏறினால் வெள்ளிமலையை அடையலாம். அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்களின் வழியினர் என்று தம் மரபுக் கதையில் சொல்லிக்கொள்ளும் இவர்கள் தமிழ் பேசுபவர்கள். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகிய மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில், வரியும் ஊழியமும் செலுத்திவந்த இம்மக்கள், 1963-ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டத்தின் தொடர்ச்சியாக 1976-இல்தான் நேரடி அரசு நிர்வாகத்தின் கீழ் வந்தனர். சென்னையில் பக்கின் கல்லூரி தொடங்கி ஐம்பத்தாறு ஆண்டுகள் கழிந்த பிறகே, அக்கல்லூரி இருந்த மாநிலத்தின் நிர்வாகம் இம்மலையில் முழுமையாகக் கால்வைத்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளையும் சரிவுகளில் ஏறி இறங்கியும், கடுக்காய் பொறுக்கியும், மாடு மேய்த்தும் வளர்ந்த குழந்தைக்குக் காலின் உறுதியும் சமநிலையும் இயல்பாகவே அமைந்தன. பந்தைக் குறிபார்த்து எறிவதும், தன்னை நோக்கி வரும் பொருளைப் பிடிப்பதும், ஒலிக்கேற்ப இயங்குவதும் அவ்வாறு தாமே அமைபவை அல்ல.

சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் மலைக்கு ஏற்றவை என்று பழங்குடியினர் நலத்துறை நடத்திவரும் உண்டு உறைவிடப் பள்ளிகள், அதாவது குழந்தைகள் அங்கேயே தங்கி உண்டு படிக்கும் பள்ளிகள், எழுத்தறிவுக்குச் செய்த தொண்டு பெரிது. ஆனால் அவை ஒரு மாற்றத்தையும் கொண்டுவந்தன. ஊரில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த நெடுநேர மாலைப் பொழுது, மணியடித்து நடக்கும் விடுதி நாளில் குறுகியது. தெருவும் களமும் செய்துவந்த வேலை அங்கே பள்ளியின் பொறுப்பாகிறது. அந்தப் பொறுப்பை ஏற்கத் தொடக்க வகுப்புக்கென உடற்கல்வி ஆசிரியர் எவரும் நியமிக்கப்படவில்லை.

இது வெள்ளிமலைக்கு மட்டும் உரிய குறையன்று. 1956-இல் மத்திய அரசு வெளியிட்ட உடற்கல்வி, பொழுதுபோக்குக்கான தேசியத் திட்டமும், 1965-இல் தொடங்கிய தேசிய உடற்தகுதிப் படையும் நல்ல எண்ணத்தில் பிறந்தவையே. எனினும் இவற்றின் கவனம் ஒழுங்கும் அணிவகுப்பும் கூட்டுப்பயிற்சியும் என்ற வழியிலேயே சென்றது. அதே காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு பாதை திறந்திருந்தது. ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய நடன அறிஞர் ருடால்ஃப் லாபனின் கருத்துகளின் தாக்கத்தோடு, அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் 1952-இல் தொடக்கப் பள்ளிகளுக்கென ஒரு நூல் வெளியிட்டது. ‘இந்தக் கோட்டை எத்தனை விதமாகக் கடக்கலாம்?’ என்று ஆசிரியர் கேட்க, ஒரு குழந்தை தாவியும் மற்றொரு குழந்தை நொண்டியும் இன்னொன்று தவழ்ந்தும் கடந்துகாட்டும் வகுப்பு அது. கட்டளை போய்க் கேள்வி வந்தது. தமிழ்நாட்டில் 2000-க்குப் பிறகு பரவிய செயல்வழிக் கற்றல், கணக்கிலும் மொழியிலும் இத்தகைய சுதந்திரத்தைக் கொண்டுவந்தது. உடற்கல்விப் பாடவேளைக்கு அந்த ஒளி எட்டவில்லை.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டிடம் வேண்டும் என்றும், ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருள்கள் வழங்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. உடற்கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநரை அச்சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, அதுவும் நூறு குழந்தைகளுக்கு மேல் உள்ள பள்ளிக்கு மட்டுமே விதிக்கிறது. 2012-இல் தமிழ்நாடு அரசு உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றிற்காக 16,549 பகுதிநேரப் பணியிடங்களை நிரப்ப முற்பட்டபோதும் இதே எல்லைதான் பின்பற்றப்பட்டது. அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் தருவது இரண்டு ஆசிரியர்களை; ஐந்து வகுப்புகளையும் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் அந்த ஈராசிரியர் பள்ளியில் உடற்கல்விப் பாடவேளை பிள்ளைகளை வெளியே விடும் நேரமாகவோ, விட்டுப்போன கணக்கை முடிக்கும் நேரமாகவோ மாறிவிடுவது ஆசிரியரின் குற்றமன்று.

இதனால் விளையும் இழப்பை வெர்ன் சீஃபெல்ட் என்ற அமெரிக்க அறிஞர் 1980-இல் தேர்ச்சித் தடை என்ற பெயரால் விளக்கினார். அடிப்படை அசைவுகளில் ஓரளவு தேர்ச்சியில்லாத குழந்தை, பின்னாளில் கூடைப்பந்தோ எறிபந்தோ கோ-கோவோ கற்க முயலும்போது ஒரு தடையில் முட்டி நின்று, விளையாட்டையே விட்டு விலகுகிறது என்பது அவர் கருத்து. 2019-இல் தொடங்கிய ஃபிட் இந்தியா இயக்கம் இந்த வயதின் தேவையை ஓரளவு உணர்ந்திருக்கிறது. ஐந்து முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு அது வகுத்த சோதனைகளில் ஒன்று, குறுகிய கட்டையின் மேல் ஒற்றைக்காலில் ஒரு நிமிடம் நின்று, எத்தனை முறை தடுமாறுகிறார்கள் என்று எண்ணுவது. மற்றொன்று, இரு வட்டத் தட்டுகளை ஒரே கையால் மாறி மாறி விரைந்து தட்டுவது. பாண்டியிலும் கல்லாங்காயிலும் ஊர்ப் பிள்ளைகள் தாமே பழகிய அதே இரு திறன்களை இப்போது அரசு அளக்கிறது. அளப்பதற்கு முன் கற்பிக்க வேண்டும்.

கற்பிப்பதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. சுண்ணாம்புக் கோடும், துணிப்பந்தும், புளியங்கொட்டை நிரப்பிய சிறு பையும், சைக்கிள் டயரும் இருந்தால் ஒரு பாடவேளைக்குப் போதும். வலக்கையால் எறியும் பிள்ளையின் இடக்காலடியில் ஒரு கோடு கிழித்து, அதை மிதித்து எறியச் சொல்லும் ஆசிரியர் வைல்ட் கண்ட மூன்றாம் படியிலிருந்து அக்குழந்தையை நான்காம் படிக்கு நகர்த்துகிறார். கல்லாங்காயை ஆண்பிள்ளைகளுக்கும் கிட்டிப்புள்ளைப் பெண்பிள்ளைகளுக்கும் கற்றுத்தர எந்தச் சட்டமும் தடையாக இல்லை. தேவையானது, இந்தப் படிகளைப் பார்க்கத் தெரிந்த கண். தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் பயிற்சியின் இரண்டு ஆண்டுகளில், எழுத்து கற்பிக்கும் முறைக்குத் தரும் அக்கறையோடு அசைவு கற்பிக்கும் முறைக்கும் அரசு இடம் ஒதுக்க வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கென உடற்கல்வி ஆசிரியர் பணியிடங்களை உருவாக்க வேண்டும். அந்தப் பணியை வெள்ளிமலை, இன்னாடு போன்ற மலையூர்களிலிருந்து தொடங்க வேண்டும்.