லங்காஸ்டர் சட்டத்தரணி

அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த கதையில் லிங்கனை எமக்குத் தெரியும். தாடியஸ் ஸ்ரீவன்ஸை நம்மிற் பலர் அறியோம். 1792 இல் வேர்மொன்ற் மாநிலத்தில் கால் ஊனத்துடன் பிறந்தவர். தகப்பன் குடும்பத்தைக் கைவிட்டுப் போக, தாய் உழைத்துப் படிப்பித்தாள். 1816 இல் பென்சில்வேனியாவின் கெற்றிஸ்பேர்க் என்ற சிறு பட்டணத்தில் சட்டத்தொழில் தொடங்கினார்.

1821 இல் அவர் பேசிய வழக்கொன்றை அவரைப் புகழ்வோர் விரைவாகக் கடந்துவிடுவர். நாம் அங்கேதான் சற்று நிற்க வேண்டியுள்ளது. சரிற்றி பட்லர் மேரிலாந்தைச் சேர்ந்த அடிமைப் பெண். எசமானர்களாற் பென்சில்வேனியாவுக்குக் கொண்டுவரப்பட்டு ஆறு மாதம் தங்கிய அடிமைக்கு விடுதலை என்பது 1780 ஆம் ஆண்டுச் சட்டம். அவள் இடையிடையே வந்து போனவள். எல்லா நாட்களையும் சேர்த்தால் ஆறு மாதம் தேறும் என்பது அவள் பக்க வாதம். ஸ்ரீவன்ஸ் எசமானின் சட்டத்தரணி. ஆறு மாதமும் தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்றார், வென்றார். தாயும் பிள்ளைகளும் அடிமைகளாகவே போயினர். நாட்களை எண்ணியெண்ணி வதிவிட விண்ணப்பம் நிரப்பிய எம்மவருக்கு இந்த வாதத்தின் கொடுமையை விளக்கத் தேவையில்லை.

பின்னாளில் அவர் மறுபக்கம் வந்து, தப்பியோடி வந்தவர்களுக்காகக் காசு வாங்காமலும் வாதாடினார். மாநில சபையில், 1835 இல், இலவசப் பாடசாலைச் சட்டத்தை ஒழிக்க முனைந்தபோது அவரது பேச்சே அதைக் காப்பாற்றியது. 1838 இல் மாநிலத்தின் புதிய யாப்பு வாக்குரிமையை வெள்ளையருக்கு மட்டும் என்றாக்கியது. அதில் அவர் கையெழுத்திட மறுத்தார்.

1842 இல் லங்காஸ்டருக்குக் குடிபெயர்ந்தார். 1848 இல் கொங்கிரசுக்குத் தெரிவானார். 1850 இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். அச்சட்டத்தின்படி, பிடிபட்டவரைத் திருப்பியனுப்பினால் விசாரணை ஆணையாளருக்குப் பத்து டொலர். விடுவித்தால் ஐந்து டொலர். திருப்பியனுப்பப் பத்திரம் அதிகம் எழுதவேண்டும் என்று நியாயமும் சொன்னார்கள்! விசாரணை அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த நமக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

மறு ஆண்டு செப்டெம்பரில், லங்காஸ்டருக்கு அண்மையிலுள்ள கிறிஸ்ரியானாவில், நான்கு பேரைப் பிடித்துப்போக வந்த எசமான் எட்வேர்ட் கோர்சச் கொல்லப்பட்டார். எதிர்த்து நின்ற வில்லியம் பார்க்கர் கனடாவுக்குத் தப்பினார். முப்பதுக்கும் மேற்பட்டோர்மீது தேசத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்டது. எதிரிகள் தரப்புச் சட்டத்தரணிகளில் ஸ்ரீவன்சும் ஒருவர். முதல் எதிரியை யூரிகள் கால்மணி நேரத்தில் விடுவித்தனர்.

உள்நாட்டுப் போரில் தென்படைகள் அவரது இரும்பாலையைத் தேடிவந்து எரித்தன. பதின்மூன்றாம், பதினான்காம் யாப்புத் திருத்தங்களுக்காக அவர் முன்னின்று உழைத்தது பலரும் எழுதிய கதை. எமக்கு அதைவிட முக்கியமாகப் படுவது காணிப் பிரச்சினை. விடுதலைச் சாசனம் வெறும் வயிற்றை நிரப்பாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பெருநிலக்காரரின் காணிகளைப் பறித்து விடுதலையானோருக்கு நாற்பது ஏக்கர் வீதம் பங்கிட வேண்டும் என்று 1865 இல் லங்காஸ்டரிற் பேசினார். அவரது சொந்தக் கட்சியினரே பின்வாங்கினர். தனியார் சொத்தில் கைவைக்க அவர்களுக்கு மனமில்லை. ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சனோ, ஏற்கனவே பங்கிட்ட நிலத்தையும் பழைய எசமானர்களிடமே மீளக் கொடுப்பித்தார். விதைத்தவர்கள் மறுபடி குத்தகைக்காரரானார்கள்.

1868 ஓகஸ்ற் 11 இல் ஸ்ரீவன்ஸ் இறந்தார். லங்காஸ்டரின் மற்ற இடுகாடுகள் இன பேதம் பார்த்தன. அதனால், எல்லோரையும் ஏற்ற ஒரு சிறிய இடுகாட்டை முன்னரே தெரிந்துவைத்திருந்தார். அந்தக் காரணம் அவரது கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது.