மல்லர் கம்பம்

மல்லர் கம்பம் என்பது நட்ட மரக்கம்பத்திலோ தொங்கும் கயிற்றிலோ ஏறி, கை, கால், தொடைப் பிடிகளின் துணையால் தலைகீழாக நின்றும் ஆசனங்கள் செய்தும் இறங்கும் இந்திய உடற்பயிற்சிக் கலை. எடைக் கருவி எதுவும் இதில் இல்லை. செய்பவரின் உடலே சுமை. மற்போர் வீரர்களின் துணைப் பயிற்சியாக இருந்த இக்கலையை இன்று பெரிதும் பயில்வோர் பள்ளிச் சிறுவர் சிறுமியரே.

வரலாறு

கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்ற சமஸ்கிருத நூல், மல்லர்கள் தூணில் பயிற்சி செய்ததைக் குறிப்பிடுகிறது. இக்கலையின் தொன்மைக்கு இந்நூலே தலையாய சான்று.

இன்றைய வடிவம் மராட்டிய மண்ணில் உருப்பெற்றது. மராட்டிய அரசின் கடைசிப் பேஷ்வாவான (தலைமை அமைச்சர்) இரண்டாம் பாஜிராவின் காலத்தில் வாழ்ந்த பாலம்பட்ட தாதா தேவதர் இதற்குப் புத்துயிர் ஊட்டினார். பேஷ்வாவின் புனே அவைக்கு அலி, குலாப் என்ற இரு மல்லர்கள் வந்து அறைகூவல் விடுத்தனர் என்றும், இளைஞரான தேவதர் அதை ஏற்று வணி சப்தசிருங்கி அம்மனை வழிபட்டார் என்றும், அனுமன் கனவில் தோன்றிக் கம்பப் பிடிகளைக் கற்பித்தார் என்றும் மரபுக் கதை கூறுகிறது. தேவதரின் சீடர் வழியாக இக்கலை மராட்டிய அகாடாக்களில் (மற்போர்ப் பயிற்சிக் கூடங்களில்) பரவியது. கம்பம் ஏறுமுன் அதைத் தொட்டு வணங்கும் வழக்கமும் அனுமனைக் குருவாகக் கொள்வதும் இம்மரபின் எச்சங்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதி அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலின் குழுவினர் இதை அங்கு செய்து காட்டினர்.

வகைகள்

போட்டிகளில் மூன்று வகைகள் உண்டு.

நிலைக் கம்பம்: தேக்கு அல்லது ஈட்டி மரத்தால் ஆனது. பெரியவர்களுக்கான கம்பம் தரைக்கு மேல் ஏறத்தாழ 2.6 மீட்டர் உயரம் இருக்கும். அடி பருத்து மேலே செல்லச் செல்ல மெலியும். உச்சியில் ஒடுங்கிய கழுத்தும் அதன் மேல் குமிழும் இருக்கும். தோல் உராயாமல் இருக்க விளக்கெண்ணெய் பூசுவர். சிறுவர்க்குக் குட்டையான, மெல்லிய கம்பம் நடப்படுகிறது.

தொங்கு கம்பம்: சங்கிலியில் தொங்கும் குட்டைக் கம்பம். ஆடவும் சுழலவும் செய்வதால் சமநிலையைக் கடுமையாகச் சோதிக்கும்.

கயிறு: முற்காலத்தில் பிரம்பு பயன்பட்டது, இன்று பருத்திக் கயிறு. கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே கயிற்றை இடுக்கி ஏற வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது. சிறுமியர் பெரும்பாலும் இவ்வகையையே பயில்கின்றனர்.

சிறுவர் பயிற்சி

புதிதாக வரும் குழந்தைக்கு முதலில் கற்றுத் தருவது எளிய தாவல். இரு கைகளாலும் கம்பத்தை அணைத்து, இடுப்பை மேலே வீசி, தலை தரையை நோக்கியிருக்கத் தொடைகளால் கம்பத்தைக் கவ்வ வேண்டும். தொடைப் பிடி உறுதியான பிறகே கைகளை விட அனுமதி. முன்கை, தோள், வயிறு, உட்தொடை ஆகிய தசைகள் ஒரே அசைவில் இயங்குகின்றன. உடல் சிறுத்திருக்கும்போது எடைக்கு ஏற்ற வலிமை கூடுதலாக இருப்பதால், பெரியவர் திணறும் நிலைகளையும் பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொள்கின்றனர். பருவமடையும் முன் பெறும் வலிமை, தசை பருப்பதைவிட நரம்புகளும் தசைகளும் இசைந்து இயங்கப் பழகுவதால் வருவது.

இத்தகைய பயிற்சி வளர்ச்சியைக் குன்றச் செய்யும் என்ற அச்சம் ஆதாரமற்றது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சிகளை வாரத்தில் குறைந்தது 3 நாள் செய்ய வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. தீங்கு விளைவது பயிற்சியால் அன்று, படிநிலை தாண்டும் அவசரத்தால்தான். மெத்தை விரிப்பு, கீழே நின்று தாங்கும் ஆசிரியர், போதிய ஓய்வு ஆகிய மூன்றும் இன்றிக் குழந்தையைக் கம்பத்தில் ஏற்றவே கூடாது.

இன்றைய நிலை

மத்தியப் பிரதேசம் 2013இல் இதை மாநில விளையாட்டாக அறிவித்தது. முதல் உலகப் போட்டி 2019இல் மும்பையில் நடந்தது. கேலோ இந்தியா இளையோர் போட்டிகளிலும் இது இடம்பெறுகிறது. தமிழ்நாட்டில் இக்கலையின் முதன்மை மையம் விழுப்புரம்.