மணியும் பந்தியும்: காவிரிப் படுகையில் கத்தோலிக்க விடுதி வாழ்க்கை

தஞ்சை நாட்டில் பிள்ளைகளைத் தங்கவைத்துச் சோறு போட்டுப் படிக்கவைக்கும் வழக்கம் பாதிரிமார் வருவதற்கு முன்பே இருந்தது. இரண்டாம் சரபோஜி மன்னர் 1801இல் கும்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் சத்திரங்களின் நடைமுறை விரிவாக வருகிறது. வழிப்போக்கர் விட்டுச்சென்ற அநாதைப் பிள்ளைகள் சத்திரத்து உபாத்தியாயர் பொறுப்பில் வளர்ந்தார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், நோய் வந்தால் மருந்து, உடுத்தத் துணி எல்லாம் கிடைத்தன. நாற்பது ஆண்டு கழித்து இங்கே முளைத்த கத்தோலிக்க போர்டிங்கை இந்தச் சத்திரத்தின் பக்கத்தில் வைத்துத்தான் ஆராய வேண்டும். மணி ஐரோப்பாவிலிருந்து வந்தது; பந்தி இந்த மண்ணுடையது. விடுதி வாழ்க்கையின் உண்மையான மாற்றங்கள் பந்தியில்தான் நடந்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

1773இல் கலைக்கப்பட்ட சேசு சபை 1814இல் மீண்டும் உயிர்பெற்றது. 1830களின் இறுதியில் பிரெஞ்சுக் குருக்கள் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார்கள். காலரா அவர்களில் பலரை இளவயதிலேயே கொண்டுபோனது. அந்த இழப்புகளுக்கு நடுவே, 1844இல், நாகப்பட்டினத்தில் புனித சூசையப்பர் கல்லூரி தொடங்கியது. அதே ஆண்டு புதுச்சேரியில் துபுயி அடிகளார் பெண் கல்விக்கென்று ஒரு கன்னியர் சபையை நிறுவினார். கும்பகோணம் 1899இல் தனி மறைமாவட்டம் ஆகும்வரை புதுச்சேரியைச் சேர்ந்தே இருந்ததால், படுகையின் பெண் கல்வி வரலாற்றுக்கும் 1844 முக்கியமானது.

சேசு சபைப் பள்ளிகளின் ஒழுங்கு 1599இல் வகுத்த கல்வித் திட்டத்தில் வேர்கொண்டது. மணி அடித்தால் எழுவது, காலைப் பூசை, பேச்சில்லாத ஸ்டடி, வகுப்பு, மாலை விளையாட்டு, செபமாலை, படுக்கும் முன் ஆன்மசோதனை என்று பொழுது பங்கிடப்பட்டது. திண்ணைப் பள்ளியும் விடியலில் கூடியதுதான். ஆனால் அங்கே அமாவாசையும் பௌர்ணமியும் விடுமுறை. போர்டிங்கில் ஞாயிறும் திருநாட்களும். பிள்ளையின் மாதமே வேறு கணக்கில் நகரத் தொடங்கியது. விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை. நடவுக்கும் தை அறுவடைக்கும் ஒரு கை குறைந்தது. அதைத் தாங்கிக்கொண்டு பிள்ளையை அனுப்பிய தாய்தகப்பன்களைக் கல்வி வரலாறு போதிய அளவு நினைப்பதில்லை.

1861இல் நாகையிலிருந்து தஞ்சாவூருக்கும் மறு ஆண்டு திருச்சிக்கும் ரயில் ஓடியது. 1883இல் கல்லூரியும் அதே வழியில் திருச்சிக்குப் போனது.

பந்தியின் கதை இவ்வளவு நேராகச் செல்லவில்லை. தமிழ்க் கத்தோலிக்கக் கோயில்களிலேயே சாதிக்கொரு இடம் இருந்தது. வடக்கன்குளம் கோயிலின் தடுப்புச் சுவர் இடிந்தது 1910இல்தான். ஒரே பீடத்தின்முன் சேர்ந்து முழங்காலிட மறுத்தவர்கள் ஒரே வரிசையில் இலை போட எளிதில் சம்மதித்திருப்பார்கள் என்று எண்ண இடமில்லை. இது கிறிஸ்தவ நிறுவனங்களுக்கு மட்டுமான நோயும் அல்ல. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது 1924–25இல் தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றது அந்தப் பந்தியைத்தான். மாணவர் சாப்பாட்டுக்கூடம் அதற்குப் பிறகு யாருடைய உள்விவகாரமாகவும் இருக்க முடியவில்லை.

1950இல் திருச்சி சூசையப்பர் கல்லூரியில் சேர்ந்த அப்துல் கலாம் தம் சுயசரிதையில் தரும் சித்திரம் இங்கே நல்ல சான்று. இராமேசுவரத்து முஸ்லிம் மாணவர், ஸ்ரீரங்கத்து ஐயங்கார், கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் மூவரும் ஒரே அறையில் இருந்தார்கள். சைவ மெஸ்ஸின் செயலாளராகக் கலாமே இருந்தார். ரெக்டரை ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கும் அழைத்தார். இலை இப்போது உணவுப் பழக்கத்தால் பிரிந்தது. பிறப்பு பின்னுக்குப் போயிருந்தது. விடுதி வார்டன் செக்வேரா அடிகளார் இரவுதோறும் கையில் பைபிளோடு மாணவர்களைப் பார்த்துப் போவார். தீபாவளிக்கு அவர் சொற்படி விடுதிப் பொறுப்பிலிருந்த பிரதரும் மெஸ் தொண்டர்களும் அறை அறையாகச் சென்று நல்லெண்ணெய் கொடுத்தார்கள். சத்திரத்துப் பிள்ளைக்குக் கிடைத்த எண்ணெய்க் குளியல், ஒன்றரை நூற்றாண்டு தாண்டி, ஒரு கத்தோலிக்க குருவின் சொல்லால் மறுபடி வருகிறது. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்றை நான் காணவில்லை.

மணியின் பக்கமும் பின்னர் இளகியது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் (1962–65) லத்தீன் பூசை தமிழானது. பிள்ளைகளுக்குத் தாங்கள் சொல்லும் செபம் புரிந்தது. அரசியலமைப்பின் 28(3)ஆம் பிரிவு, அங்கீகாரமோ அரசு உதவியோ பெறும் கல்விக்கூடத்தில் படிப்பவரை அவர் சம்மதமின்றி, சிறுவரானால் காப்பாளர் சம்மதமின்றி, வழிபாட்டில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம், விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும் என்றது. முன்பு ஃபாதரும் மதரும் மட்டுமே பார்த்த படுக்கையறையையும் சமையல்கட்டையும் இப்போது வெளியார் வந்து பார்க்கலாம். வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு முதல் நாளிலிருந்தே தேவைப்பட்டது; அது சட்டமாக வருவதற்கு, 1844இலிருந்து எண்ணினால், 170 ஆண்டுகள் ஆயின.